வேர் மருந்துகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சளி பிடித்தால் அதிமதுரம், சித்தரத்தை, சுக்கு மூன்றையும் போட்டுக் கஷாயம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு நாள் இனிப்பாக வருகிறது, இன்னொரு நாள் ஒரே காரல். குடித்தபின் நெஞ்சு எரிகிறது. சரியான அளவும் முறையும் சொல்லுங்கள். (ஒரு வாசகி)

பதில்: கை அளவிலும் கண் அளவிலும் போடுவதால்தான் சுவை மாறிக்கொண்டே இருக்கிறது. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆயுர்வேத முறையில் காய்ந்து கெட்டியான வேர்களுக்கு ஒரு பங்கு சரக்கு, 16 பங்கு தண்ணீர், எட்டில் ஒன்றாகக் குறுக்குவது என்று கணக்கு. இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு அதிமதுரம் 8 கிராம், சித்தரத்தை 6 கிராம், சுக்கு 6 கிராம், ஆக 20 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 320 மி.லி. அது 40 மி.லி. ஆகும்வரை காய்ச்ச வேண்டும்.

முதலில் சுக்கின் தோலைச் சுரண்டி எடுங்கள். ‘சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு’ என்று நம் வைத்தியர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சுக்குக்கு வெளித்தோலும் கடுக்காய்க்கு உள்கொட்டையும் ஆகாது என்று பொருள். சித்த மருத்துவத்தில் சுக்கின் எடையைப்போல் இரண்டு மடங்கு சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கழுவித் தோல் சீவுவார்கள். வீட்டுக் கஷாயத்துக்குக் கத்தியால் நன்றாகச் சுரண்டினாலே போதும். அதிமதுரத்தின் பழுப்புத் தோலிலும் கசப்பு உண்டு. அதையும் லேசாகச் சீவிவிட்டால் உள்ளே மஞ்சள் நார் தெரியும். இனிப்பு அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் மாவாக அரைத்துப் போட்டால் வேரின் மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து கூழாகி அடிப்பிடிக்கும். எத்தனை முறை வடிகட்டினாலும் வண்டல் நிற்கும். அந்த வண்டல்தான் தொண்டையில் காரலாக உட்காருகிறது, வயிற்றையும் எரிக்கிறது. மிளகைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக இருந்தால் சரி. இடித்ததை அளந்த தண்ணீரிலேயே இரண்டு மணி நேரம் ஊற விடுங்கள். ஊறாத வேரை அடுப்பில் ஏற்றினால் தண்ணீர் வற்றிவிடும், சத்து நாருக்குள்ளேயே தங்கிவிடும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது மண்சட்டியாக, குறுகலும் ஆழமுமாக இருக்கட்டும். அதிமதுரத்தில் சோப்பு நுரையைப் போல நுரைக்கும் சத்து இருப்பதால் முதல் கொதியில் பொங்கும். அடுப்பை விட்டு நகராதீர்கள். மூடி போடாமல் சிறு தீயில் காய்ச்சுங்கள். பெருந்தீயில் பத்து நிமிடத்தில் வற்றிய கஷாயமும் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வற்றிய கஷாயமும் ஒன்றல்ல. பாத்திரத்துக்குள் பார்த்து 40 மி.லி. என்று கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஊறிய வேர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பாதிக்கும் கீழே இறங்கியதும் துணியில் வடித்துப் பிழிந்து, அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 70 மி.லி. இருந்தால் வடித்த சாற்றை மட்டும் மறுபடி அடுப்பில் வைத்து 40-க்குக் கொண்டுவாருங்கள். வேரோடு சேர்த்து வறளவிட்டால் கசப்பு ஏறும்.

ஒருவருக்குக் காலையில் 10 மி.லி., மாலையில் 10 மி.லி. ஒவ்வொரு முறையும் 30 மி.லி. வெந்நீர் கலந்து, உணவுக்குப் பின் குடிக்கலாம். வெறும் வயிற்றில் குடிப்பதும் உங்கள் நெஞ்செரிச்சலுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். தேன் சேர்ப்பதானால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு. காலையில் வைத்ததை அன்று மாலைக்குள் முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கஷாயம் தேவையில்லை. பெரியவர்களுக்கும் ஐந்து நாள் போதும். அதற்குள் காய்ச்சலோ மூச்சு வாங்குவதோ இருந்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மாமியாருக்கு வயது 68, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வறட்டு இருமலுக்காக இரண்டு மாதமாகத் தினமும் இரண்டு வேளை அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். இப்போது கால் வீங்குகிறது, அழுத்தமும் கூடியிருக்கிறது. அதிமதுரம் குளிர்ச்சிதானே, ஏன் இப்படி? (ஒரு வாசகி)

பதில்: இன்றே அதிமதுரத்தை நிறுத்துங்கள். அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்ற சத்து, சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அதனால் உடல் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. வீக்கம், அழுத்தம், தசைச் சோர்வு, சிலருக்கு இதயத் துடிப்பில் தடுமாற்றம் எல்லாம் இதன் தொடர்ச்சிதான். நீர் பிரியும் மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்ஸினோ சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நிறுத்திய பின்னும் விளைவு அடங்கச் சில வாரங்கள் ஆகலாம். உடனே மருத்துவரிடம் அழைத்துப்போய், எவ்வளவு பொடி, எத்தனை நாள் என்பதை மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை எனலாபிரில், ராமிபிரில் வகையாக இருந்தால், அந்த மாத்திரையே வறட்டு இருமலைக் கொண்டுவரக் கூடும். அப்படியானால் எந்த வேரும் அந்த இருமலைத் தீர்க்காது, மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுக்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் யாருக்கு இருந்தாலும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

அதிமதுரம் நல்ல மருந்து. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் எதுவும் இல்லாதவர் தொண்டைக் கமறலுக்கு ஒரு சிறு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதிலோ, நான்கைந்து நாள் கஷாயத்தில் சேர்ப்பதிலோ தவறில்லை. மாதக்கணக்கில் தினமும் சாப்பிடுவதுதான் கூடாது.

கேள்வி: இரவில் தூக்கம் இல்லை. அமுக்கரா (அஸ்வகந்தா) கிழங்குப் பொடியைப் பாலில் சாப்பிடலாம் என்கிறார்கள். மருந்தாகச் சாப்பிடும் முன் அதை எப்படிச் சுத்தி (சுத்திகரிப்பு) செய்வது? நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். (ஒரு வாசகி)

பதில்: சுத்தி முறை எளிது. நல்ல கிழங்கு வெளியே வெளிர் பழுப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கும், ஒடித்தால் சட்டென்று ஒடியும். இடித்துச் சலித்த 100 கிராம் பொடியில் பாலைத் தெளித்துப் பிசறுங்கள். புட்டு மாவு பதம்தான், கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இட்லிப் பாத்திரத்தில் பாலும் தண்ணீரும் சமமாக ஊற்றி, தட்டில் துணி விரித்து, பொடியைப் பரப்பி ஆவியில் வேகவிடுங்கள். பொடி முழுக்க ஆவி ஏறியதும் எடுத்து, மெல்லியதாகப் பரப்பி நன்றாகக் காயவைத்து, மறுபடி இடித்துச் சலியுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் பால் சேர்ந்த பொடியாயிற்றே, சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும். விரலில் தேய்த்தால் ஈரம் ஒட்டாமல் மாவாகப் பறக்க வேண்டும்.

ஆனால் உங்களுக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். அமுக்கரா தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டக் கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் படபடப்பு, வியர்வை, எடை குறைவு என்று போய், தூக்கம் இன்னும் கெடும். மாத்திரையின் அளவு கூடுதலாக இருந்தாலே தூக்கம் கெடும் என்பதால், முதலில் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைத் தொட வேண்டாம். அரிதாகச் சிலருக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ உடம்பு அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

இந்தத் தடைகள் இல்லாத வாசகர்களுக்கு: இரவு உணவுக்குப் பின் ஒரு கிராமில் தொடங்கி, ஒரு வாரம் வயிறு ஒத்துக்கொண்டால் 3 கிராம் வரை, வெதுவெதுப்பான பாலில். பொடி பிடிக்காதவர்கள் பால் கஷாயமாக்கலாம். இடித்த கிழங்கு 5 கிராம், பால் 40 மி.லி., தண்ணீர் 160 மி.லி. சேர்த்துச் சிறு தீயில் வைத்து, தண்ணீர் முழுக்க வற்றிப் பாலின் அளவு மட்டும் நிற்கும்போது இறக்கி வடிகட்டுங்கள். கடையில் வாங்கும்போது வேர் மட்டும்தானா என்று உறையைப் படியுங்கள். அமுக்கராவின் இலையைச் சேர்க்க வேண்டாமென்று ஆயுஷ் அமைச்சகமே 2021-இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கேள்வி: நன்னாரி வேரைக் கொதிக்கவைத்து சர்பத் செய்தேன். வாசனையே இல்லை. பத்து நாளில் மேலே பூஞ்சையும் வந்துவிட்டது. (ஒரு வாசகர்)

பதில்: கொதிக்கவைத்ததுதான் காரணம். நன்னாரியின் மணம் ஆவியோடு பறந்துபோகும் தன்மையுடையது, அடுக்களை முழுக்க மணத்தால் சர்பத்தில் மணக்காது. 50 கிராம் காய்ந்த வேரை மண் போகக் கழுவி, உரலில் லேசாகத் தட்டுங்கள். பட்டை விரிந்து கழன்று, நடுவில் கம்பிபோல் ஒரு கட்டை தெரியும். மணம் பட்டையில்தான் இருக்கிறது, கட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாம். 600 மி.லி. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பின் பட்டையைப் போட்டு, இறுக மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் வடித்தால் 500 மி.லி. சுமாராகக் கிடைக்கும். அதில் ஒரு கிலோ சர்க்கரையைப் போட்டு, கொதிக்க விடாமல் சூடுபடுத்திக் கரைத்து, ஆறியதும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சர்க்கரை பூத்துப்போகாது.

ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு சர்க்கரை என்பதைக் குறைத்தால் பூஞ்சை வரும். அளவு சரியாக இருந்தும் வந்தால், சூட்டோடு பாட்டிலில் ஊற்றி மூடியிருப்பீர்கள். மூடியில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாக விழுந்து மேற்பரப்பை மட்டும் நீர்க்க வைக்கிறது, பூஞ்சை அங்கேதான் முளைக்கும். முழுக்க ஆறிய பிறகு, வெயிலில் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். 200 மி.லி. தண்ணீருக்கு 30 மி.லி. பாகு போதும். அதிலேயே சுமார் 25 கிராம் சர்க்கரை இருப்பதால், நீரிழிவு உள்ளவர்கள் பாகை விட்டுவிட்டு ஊறல் நீரை மட்டும் குடிக்கலாம்.

வாங்கும்போது பென்சிலைவிட மெல்லிய, முறுக்கிய, குறுக்கு வெடிப்புள்ள கருபழுப்பு வேராகப் பாருங்கள். சதைப்பற்றோடு தடித்திருந்தால் அது மாகாளிக் கிழங்கு. இரண்டுக்கும் மணம் தரும் பொருள் ஒன்றே என்பதால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: மூன்று மாதக் குழந்தைக்கு வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் பாட்டி. செய்யலாமா? (ஒரு வாசகி)

பதில்: வேண்டாம். பாட்டியின் அக்கறையை மதித்து, காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் விலங்குச் சோதனைகளில் புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-இலேயே இதை உணவில் சேர்க்கத் தடை செய்தது. வளர்ந்தவர்களுக்கே ஆயுர்வேத மருந்தளவு 60 முதல் 120 மில்லிகிராம்தான். ஒன்றிரண்டு கிராம் போனால் வாந்தி எடுக்க வைக்கும் மருந்து அது. கல்லில் எத்தனை உரை உரைத்தால் எத்தனை மில்லிகிராம் என்று யாராலும் அளக்க முடியாது. அந்த விழுது புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கையில் கட்டும் வசம்பு வளையத்தையும் குழந்தை வாயில் வைத்துச் சப்பும், கழற்றிவிடுங்கள். வீட்டில் இருக்கும் வசம்பைப் பருப்பு டப்பாவில் துணியில் முடிந்து போட்டால் வண்டு வராது.

கேள்வி: வயிற்று வலிக்கும் விஷக்கடிக்கும் ஈசுவரமூலி வேரை அரைத்துக் குடிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. எவ்வளவு சாப்பிடலாம்? (ஒரு வாசகர்)

பதில்: துளியும் கூடாது. ஈசுவரமூலியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. இது சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சுருங்க வைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது இதே இனத்துச் செடியின் வேரால்தான். சாப்பிட்டு மாதங்கள், ஆண்டுகள் கழித்துப் பாதிப்பு தெரிவதால், ‘குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்களை நம்ப முடியாது. காய்ச்சினாலும் இந்த அமிலம் போகாது. ஏற்கெனவே அடிக்கடி குடித்தவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

பாம்புக் கடிக்கு எந்த வேரும் மருந்தல்ல. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவான விஷமுறிவு ஊசி அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கையையோ காலையோ அசையாமல் தாங்கிப் பிடித்து 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: வேர்ப் பொடிகளில் புழு வைக்கிறதே? (ஒரு வாசகி)

பதில்: பொடியாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். முழு வேராக வைத்திருந்து, ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் இடித்துக்கொள்ளுங்கள். அமுக்கரா, தண்ணீர்விட்டான் போன்ற மாவுக் கிழங்குகளை மாதம் ஒரு முறை வெயிலில் காட்டி, முழுக்க ஆறியபின் பாட்டிலில் போடுங்கள். வெட்டிவேர், நன்னாரியை நிழலில் உலர்த்தினால் போதும். பாட்டிலின் மேல் வேரின் பெயரையும் இடித்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பொடியான பின் அமுக்கராவையும் தண்ணீர்விட்டானையும் பார்த்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.