தினமும் பேக்கப் ஓடுகிறது, டிஆர் சைட்டும் இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்குப் பேரிடர் மீட்புத் திட்டம் எழுதுவது எப்படி?

கேள்வி கேட்டவர் ஒரு நிதி நிறுவனத்தில் புதிதாக ஐடி மேலாளர் பொறுப்புக்கு வந்திருக்கிறார். ராத்திரிதோறும் பேக்கப் ஓடுகிறதாம், ஹைதராபாத்தில் டிஆர் சைட் (மெயின் இடம் விழுந்தால் வேலையை எடுத்து நடத்தும் மாற்று மையம்) இருக்கிறதாம், ஆடிட்டர் திட்டத்தை எழுத்தில் கேட்கிறாராம். எப்படி எழுதுவது, எந்த சாஃப்ட்வேர் நல்லது என்கிறார்.

பேக்கப் டீமிலேயே தலை நரைத்தவன் நான், அதனால் உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. முன்னால் இருந்தவர் விட்டுப் போன வேர்டு ஃபைல் ஒன்று இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கும். அதில் பெயரும் செல் நம்பரும் போட்டிருக்கும் ஆட்களில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். ஆடிட்டரைத் திருப்திப்படுத்துவது மட்டும்தான் நோக்கம் என்றால் அதிலேயே தேதியை மாற்றிக் கொடுத்துவிடுங்கள், பெரும்பாலும் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். உங்களுக்கு அது போதுமென்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

உண்மையாகவே எழுதப் போகிறீர்கள் என்றால், பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதையெல்லாம் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள்: "டிஆருக்குப் போகிறோம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, அவர் போனை எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு, சிஸ்டம் நின்று எத்தனை நிமிஷத்துக்குள் அதைச் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம், டெக்னிக்கலாக ஏதாவது சொல்லு என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச் சந்தை காலை 11.40 மணிக்கு வர்த்தகத்தை நிறுத்தியது. தொலைத்தொடர்பு இணைப்புகள் போயின, கூடவே ஸ்டோரேஜும் காலை வாரியது. மும்பையில் இருக்கும் அந்தச் சந்தைக்கு டிஆர் சைட் நம் சென்னையில்தான் இருக்கிறது. இருந்தும் அன்றைக்கு வர்த்தகம் இங்கே மாறவில்லை. சாயங்காலம் 3.45க்குத்தான் மறுபடி திறந்து, 5 மணி வரை நடத்தினார்கள். டிஆருக்கு ஏன் மாற்றவில்லை என்று பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் செபி அன்றே விளக்கம் கேட்டது. அடுத்த மாதம் பங்குச் சந்தை போன்ற அமைப்புகளுக்குச் சுற்றறிக்கையும் வந்தது: முக்கியமான சிஸ்டம் நின்றால் 30 நிமிஷத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிஷத்துக்குள் டிஆரிலிருந்து வேலை நடக்க வேண்டும். இரண்டாவது கெடுவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முதல் கெடுதான் முக்கியம். அது வாயைத் திறந்து சொல்ல வேண்டிய மனுஷனுக்குப் போட்டது.

ஏன் சொல்ல மாட்டார்கள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெயரெல்லாம் வேண்டாம், ஒரு பெரிய நிறுவனம். அவர்களுடைய டேட்டா சென்டரை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொண்ட டீம் எங்களுடையது. மாத முடிவு நாள், சாயங்காலம். மெயின் ஸ்டோரேஜில் டிஸ்க்குகளை இயக்கும் கண்ட்ரோலர் ஒன்று போனது, அதற்கு மாற்றாக எழ வேண்டியதும் எழவில்லை. உடனே பிரிட்ஜ் கால் போட்டார்கள், அதாவது எல்லோரும் ஒரே போன் இணைப்பில், ஏகப்பட்ட பேர். வெண்டர் ஆள் வந்துகொண்டிருக்கிறார், பார்ட் கிளம்பிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம். அந்த இன்னும் ஒரு மணி நேரம் நடுராத்திரி வரை நீண்டது. டிஆர் என்ற சொல்லை ஒருத்தரும் வாயில் எடுக்கவில்லை.

காரணம் அந்தப் பிரிட்ஜ் காலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதற்கு முன் நடந்த டிஆர் டிரில் ஒரு நாடகம். வெள்ளிக்கிழமையே எல்லா சர்வரையும் தயார் செய்து வைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் ரெப்ளிகேஷனை (இங்கே நடக்கும் மாற்றத்தை உடனுக்குடன் டிஆருக்கு நகலெடுப்பதை) நிறுத்தி, லாகின் பக்கம் வருகிறதா என்று பார்த்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று மெயில் போட்டாயிற்று. ஒரு நிஜமான ரசீதைக்கூட அங்கே போட்டுப் பார்க்கவில்லை. திரும்பி வருவது எப்படி என்று யோசித்ததே இல்லை. போவதைவிடத் திரும்பி வருவதுதான் கஷ்டம். அங்கே ஓடிய நாட்களின் டேட்டாவை இங்கே கொண்டுவந்து சேர்த்து, ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று கணக்குப் பிரிவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இதெல்லாம் செய்து பார்க்காத இடத்துக்கு மாத முடிவு அன்று போகச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

ஸ்டோரேஜ் ஒருவழியாக எழுந்தது. ஆனால் முக்கியமான டேட்டாபேஸ் கெட்டுப் போயிருந்தது. டிஆரில் பார்த்தால் அங்கேயும் அதே கதி, ஏனென்றால் ரெப்ளிகேஷன் கெட்டதையும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ரெப்ளிகேஷன் இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று உங்கள் நிறுவனத்தில் நிச்சயம் ஒருத்தர் கேட்பார், அவரிடம் இதைச் சொல்லுங்கள். இங்கே ஒரு டேபிளை அழித்தால் அடுத்த நொடி அங்கேயும் அழியும், அதன் வேலையே அதுதான்.

ஆக மிச்சம் இருந்தது எங்கள் டீம் எடுத்த பேக்கப் மட்டும். இந்த இடத்தில் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். சனிக்கிழமை ஷிப்டில் வேலை குறைவாக இருக்கும். கழித்துக்கட்ட வைத்திருந்த பழைய சர்வர் ஒன்றைக் கேட்டு வாங்கி, வாரம் ஏதாவது ஒரு டேட்டாபேஸை அதில் ரீஸ்டோர் செய்து, எழுகிறதா, கடைசி என்ட்ரி வரை இருக்கிறதா என்று பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அன்றைக்குப் பிரிட்ஜ் காலில் "இது எழ இவ்வளவு நேரம் ஆகும்" என்று நான் சொன்னபோது, "யார் பேசுவது?" என்று கேட்டார்கள். அவ்வளவு நாள் அந்த வளாகத்தில் வேலை பார்த்தும் பெயர் தெரியாது. சொன்ன நேரத்தை ஒட்டியே எழுந்தது.

அதற்குள் இன்னொரு கூத்து. ரீஸ்டோரைத் தொடங்க அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டெல்லாம் ஒரு வால்ட்டில், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் சாஃப்ட்வேரில். அந்த வால்ட்டும் கெட்டுப்போன அதே ஸ்டோரேஜில். சீல் வைத்த கவருக்குள் ஒரு தாளை அச்சடித்து இரும்புப் பெட்டியில் வைத்திருந்தோம், அதை வைத்துத்தான் உள்ளே போனோம். முந்தைய ஆடிட்டில் அந்தக் கவரைக் குறைபாடு என்று எழுதி எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளையாக அதற்கான கெடு முடியவில்லை. பாஸ்வேர்டைக் காகிதத்தில் வைப்பதா என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுத்தான் திறக்கலாம், திறந்தால் உடனே மாற்றியாக வேண்டும். உங்களிடம் இதைவிட நல்ல வழி இருந்தால் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மின்சாரம் இல்லாமல் அது வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரக் கடைசியில் ஸ்பாட் அவார்டு கொடுத்தார்கள். யாருக்கு? பிரிட்ஜ் காலை 'ஒருங்கிணைத்த' மேனேஜருக்கு. எங்களுக்கு ஒரு குரூப் மெயில், அதிலும் ஒருத்தர் பெயரில் எழுத்துப்பிழை. அதையும் விடுங்கள். நைட் ஷிப்டுக்கு கேப் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள் பாருங்கள், ராத்திரி 10 மணிக்குப் பிறகு லாக்அவுட் செய்தால்தான் வண்டி. 9.50க்கு வேலை முடிந்தவன் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பான், அல்லது ஓஎம்ஆரில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பான். பெண்களுக்கு மட்டும் முன்னதாகவே வண்டி உண்டு, அது நியாயம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து நிமிஷத்துக்குக் கணக்குப் பார்க்கும் அட்மின் டிபார்ட்மெண்ட், யாரும் உட்காராத மாடியில் ராத்திரி முழுக்க ஏசி ஓடுவதைக் கணக்குப் பார்த்ததில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவதாக எழுத வேண்டியது, எந்த சிஸ்டத்துக்குப் பின் எது என்று எழுப்பும் வரிசை. வால்ட் கதை எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் புகுந்தது. யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் டொமைன் கண்ட்ரோலர்கள் அவர்களுக்கு உலகம் முழுக்க இருந்தன, ஒன்று போனால் மற்றொன்று காப்பாற்றும் என்ற நம்பிக்கை. எல்லாம் ஒரேயடியாகப் போயின. கானாவில் மட்டும் ஒன்று கரண்ட் கட்டில் அணைந்து கிடந்ததால் பிழைத்தது. அதன் டிஸ்க்கை நைஜீரியாவுக்குக் கொண்டுபோய், அங்கே இன்னொருவர் கைக்கு மாற்றி, இங்கிலாந்துக்கு விமானத்தில் எடுத்துப் போனார்கள். 10 நாளில் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களைப் புதிதாக நிறுவினோம் என்று அவர்கள் தலைவரே 2018 தாவோஸ் கூட்டத்தில் சொன்னார். கரண்ட் கட்டை நம்பி நீங்கள் திட்டம் எழுத முடியாது. நெட்வொர்க், சர்வர் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், லாகினைச் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி, பாஸ்வேர்டு வால்ட், எந்த நகல் எங்கே என்று சொல்லும் பேக்கப் சாஃப்ட்வேரின் சொந்தக் கேட்டலாக், லைசென்ஸ் சர்வர், இவையெல்லாம் எழுந்த பிறகுதான் டேட்டாபேஸ் பக்கமே போக முடியும். இந்த வரிசையை எழுதிய ரன்புக்கை (செயல்முறைக் கையேட்டை) ஆபீஸ் ஃபைல்களை வைக்கும் ஷேர்பாயிண்டில் மட்டும் வைக்காதீர்கள், ஷேர்பாயிண்டுக்கும் அதே லாகின்தான்.

ஆர்டிஓ, ஆர்பிஓ இரண்டையும் ஆடிட்டர் கேட்பார். எவ்வளவு நேரத்துக்குள் எழ வேண்டும், எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்கலாம், அவ்வளவுதான். பிசினஸ் ஆட்களிடம் கேட்டால் இரண்டுக்கும் பூஜ்யம் என்பார்கள். சண்டை போடாமல் வகுத்துக் காட்டுங்கள். 100 டெராபைட்டை 10 ஜிகாபிட் லைனில் கொண்டுவர, லைன் முழுக்க நமக்கே கிடைத்தாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட எத்தனையோ ஆவணங்களைப் பார்த்துவிட்டேன், இந்த ஒரு வகுத்தலை யாரும் போட்டதில்லை.

அளவு பெரிதென்று பேக்கப்பே எடுக்காமல் விடுவது இன்னொரு எல்லை. தென் கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் அழிந்தது. வெளியே நகல் இல்லை, கொள்ளளவு மிகப் பெரியது என்று காரணம் சொன்னார்கள்.

பேக்கப் 'ஓடுகிறது' என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சொல்லைத்தான் நான் நம்ப மாட்டேன். புரோகிராமர்கள் கோடு வைக்கும் இணையதளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டைரக்டரியை அழித்தார், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அப்போதுதான் தெரிந்தது, டேட்டாபேஸ் பேக்கப் நிரல் பழைய பதிப்பு என்பதால் வெகுநாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களை மெயில் சர்வர் தள்ளிவிட்டிருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) காப்பாற்றியது. அதனால் பச்சை விளக்கு ரிப்போர்ட்டை ஆடிட்டருக்குக் கொடுங்கள், நீங்கள் ரீஸ்டோர் நோட்டைப் பாருங்கள்.

நகல் எத்தனை என்பதற்கு மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்ற பழைய கணக்கே போதும். டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் காலத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு நகலாவது அட்மின் பாஸ்வேர்டு இருந்தாலும் அழிக்க முடியாததாக இருக்கட்டும். டேப் என்றால் சிரிக்கிறார்கள், லைப்ரரியிலிருந்து வெளியே எடுத்து அலமாரியில் வைத்த டேப்பை எந்த ஹேக்கரும் தொட முடியாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடக்கப்பட்டபோது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிடல் டேட்டாவை மீட்டார்கள்.

ஆட்களையும் எழுதுங்கள். 2015 டிசம்பர் 2 அன்று 'தி இந்து' சென்னையில் அச்சாகவில்லை, வெள்ளத்தில் மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததே காரணம். உங்கள் டிஆர் ஹைதராபாத்தில் இருக்கலாம், அதை எழுப்பத் தெரிந்த ஆள் வெள்ளம் சூழ்ந்த முடிச்சூரில் மாட்டிக்கொண்டிருந்தால்?

எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டீர்கள். பெயர் சொன்னால் கீழே சண்டை ஆரம்பிக்கும், தவிர ஏறக்குறைய எல்லாமே வேலை செய்பவைதான். விற்க வருகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் சாஃப்ட்வேர் ஓடும் சர்வரே போய்விட்டால், வெறும் மிஷினில் தொடங்கி முதல் ஃபைலை எடுக்க எவ்வளவு நேரம், இங்கேயே செய்து காட்ட முடியுமா? ஸ்லைடு காட்டுகிறவரை அனுப்பிவிடுங்கள்.

சனிக்கிழமை ரீஸ்டோருக்குப் பழைய சர்வர் கேட்டால் உங்களுக்கும் முதலில் முடியாது என்பார்கள். சம்பளப் பட்டியல் டேட்டாபேஸில் ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அனுமதி சீக்கிரம் வரும். ஆனால் அந்தச் சோதனை நகலைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சோதனை முடிந்த கையோடு அதை அழித்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.