ஐந்நூறு ரூபாய் அபராதத்தை ஏழாண்டுச் சிறையாக்கிக்கொள்ளாதீர்கள்

(இந்தக் கேள்வி–பதிலில் வரும் இந்திய தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம், 41ஏ எல்லாம் 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டங்கள் வருமுன் நடைமுறையில் இருந்தவை.)

கேள்வி: ஐயா, நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர். 2021 டிசம்பரில் இந்தியா–நியூசிலாந்து டெஸ்ட் பார்க்க மனைவி, பன்னிரண்டு வயது மகனுடன் மும்பை சென்றேன். 4ஆம் தேதி ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் கையில் இருந்தது. வாசலில் தடுப்பூசிச் சான்றிதழை ஸ்கேன் செய்தார்கள். இரண்டு தவணையும் போட்டவன் நான். அப்படியிருந்தும் என்னைக் குற்றவாளிபோல் ஓரமாக நிறுத்தி, மராத்தியில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகன் அழுதான். தடுப்பூசி போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் தயாரித்து வைத்திருக்கிறேன், நகலை இணைத்துள்ளேன். நுகர்வோர் ஆணையத்தில் எவ்வளவு கேட்கலாம்?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். ரயில் பயணம், லாட்ஜ் வாடகை, வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வை எல்லாவற்றையும் படித்தேன். அவற்றில் எதுவும் வழக்குக்கு உதவாது. வழக்கைத் தீர்மானிக்கும் வரி மூன்றாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள் இருக்கிறது: "(பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டாம் தவணைத் தேதியில் ஒரே ஓர் எண்ணை மட்டும் மைத்துனர் கைபேசியில் மாற்றிக் கொடுத்திருந்தார்.)"

அடைப்புக்குறிக்குள் போட்டால் வக்கீல் கண்ணில் படாது என்று நினைத்தீர்களா என்று தெரியவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் படிப்பதே அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான்.

நடந்தது இதுதான். 2021 நவம்பர் 27ஆம் தேதி மகாராஷ்டிர அரசு ஓர் ஆணை போட்டது. டிக்கெட் உள்ள நிகழ்ச்சியோ இல்லாத நிகழ்ச்சியோ, பார்வையாளர் முழுமையாகத் தடுப்பூசி போட்டவராக இருக்கவேண்டும். 'முழுமையாக' என்பதற்கு அந்த ஆணையே பொருள் சொன்னது: இரண்டு தவணையும் போட்டு, இரண்டாம் தவணைக்குப் பின் 14 நாள் கடந்திருக்கவேண்டும். உங்கள் இரண்டாம் தவணை நவம்பர் 24. டிசம்பர் 4 அன்று பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான்கு நாள் இடித்தது. அந்த நான்கு நாளுக்காக 24ஐ 14 ஆக்கினீர்கள். தாளில் எண் மாறியது, க்யூஆர் கோடு மாறவில்லை. அதை ஸ்கேன் செய்தால் கோவின் தளத்தில் பதிவான தேதிதான் திரையில் வரும். வாசலில் நின்றவர் தாளையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார்.

எனவே 'தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா' என்ற பெரிய கேள்வியின் பக்கமே உங்கள் வழக்கு போகப்போவதில்லை. உங்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் திருத்திய சான்றிதழ்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் திரும்பவும் அதையே கேட்பீர்கள். ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2ஆம் தேதி வந்த தீர்ப்பு அது. விருப்பமில்லாதவருக்குத் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது, அது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உடல்மீதான உரிமை என்று சொன்னது உண்மை. தடுப்பூசி போடாதவர்களால்தான் தொற்று அதிகம் பரவுகிறது என்று காட்டும் தரவுகளை அரசுகள் முன்வைக்கவில்லை, ஆகவே தொற்று குறைவாக இருக்கும்வரை பொது இடங்களில் அவர்களைத் தடுக்கவேண்டாம் என்றும் சொன்னது. 2021 டிசம்பரில் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் இழப்பீடு கொடு என்று எங்கும் சொல்லவில்லை. சமூக நலனுக்காக அரசு அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்கிறது. இன்னொன்று: அந்தத் தீர்ப்பு தடுப்பூசி வேண்டாம் என்பவரின் உரிமையைப் பேசுகிறது. நீங்கள் போட்டுக்கொண்டவர். நான்கு நாள் பொறுக்காததுதான் உங்கள் பிரச்சினை. அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க உங்களுக்கு இடமில்லை.

மனைவியும் மகனும் ஆட்டத்தை இழந்தார்கள் என்கிறீர்கள். மனைவி செப்டம்பரிலேயே இரண்டாம் தவணை போட்டவர். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த ஆணையில் விலக்கு இருந்தது. இருவரையும் யாரும் தடுக்கவில்லை. உங்களோடு திரும்பி வந்தார்கள். குடும்பத்துக்குள் அது நல்ல செயல். இழப்பீட்டுக் கணக்கில் பூஜ்யம்.

அன்றைக்குத்தான் நியூசிலாந்தின் அஜாஸ் படேல் இந்திய இன்னிங்ஸின் பத்து விக்கெட்டையும் எடுத்து முடித்தார் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1956இல் ஜிம் லேக்கர், 1999இல் அனில் கும்ப்ளே, அதற்குப் பிறகு இவர்தான். மும்பையில் பிறந்தவர், மும்பையிலேயே எடுத்தார். லாட்ஜில் உட்கார்ந்து அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது எவ்வளவு கசந்திருக்கும் என்று கிரிக்கெட் பைத்தியமான எனக்குப் புரிகிறது. ஆணையத்துக்குப் புரியவேண்டிய அவசியமில்லை.

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன்.

நுகர்வோர் ஆணையத்தில் நுழைவது மிகச் சுலபம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் விலை கொடுத்து வாங்கிய சேவைக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல்கூட வேண்டாம். 'போனால் ஒரு தபால் செலவு, வந்தால் லட்சம்' என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நினைப்போடு ஆணையத்துக்குப் போய், வேறு வழியாக வெளியே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புகாரோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யவேண்டும். அதில் வாசலில் நடந்ததைச் சொல்லியாகவேண்டும். 'சரியான சான்றிதழைக் காட்டினேன்' என்று சத்தியம் செய்தால் பொய்ச் சத்தியம். இந்திய தண்டனைச் சட்டம் 193ஆம் பிரிவு. 'ஓர் எண்ணை மாற்றினேன்' என்று சொன்னால் அது உங்கள் கையெழுத்தோடு, நோட்டரி முத்திரையோடு நீங்களே தரும் ஒப்புதல். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வாக்கியம் ஒன்றை என்னாலும் எழுதித் தர முடியாது.

எதிர்த் தரப்பு 45 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்யவேண்டும். நோட்டீஸ் போகும்வரை அவர்களுக்கு நீங்கள் யாரென்றே நினைவிருக்காது. அன்று அவர்கள் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அது அவர்கள் உங்களுக்குச் செய்த சலுகை. ஐந்து லட்சம் கேட்டு நோட்டீஸ் போன மறுநாள் அவர்களுடைய வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, 'அந்தத் தாள் எங்கே?' என்பதுதான்.

அந்தத் தாளைப் பற்றி ஒரு சொல். காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. தனியார் காவலாளரிடம் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிரிவு துணைக்கு வராது. மக்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். போலீஸைக் கண்டால் வாயை மூடுகிறார்கள், செக்யூரிட்டி நீட்டிய தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். உங்களுக்கு மராத்தி படிக்கத் தெரியாது என்பது நல்ல எதிர்வாதம். ஆனால் அது நீங்கள் குற்றம் சாட்டப்பட்டால் சொல்லவேண்டிய வாதம். அதை நோட்டீஸின் முதல் பத்தியில் வைத்திருக்கிறீர்கள். அப்படி ஒரு தாள் இருக்கிறது என்பதை நீங்களே அவர்களுக்கு நினைவூட்டுகிறீர்கள்.

எந்தப் பிரிவுகள் வரும்? அரசு அதிகாரி கொடுத்ததாகத் தோன்றும் சான்றிதழைப் போலியாக்குவது 466. ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் செய்வது 468. போலி என்று தெரிந்தே அதை அசலாகப் பயன்படுத்துவது 471. முதல் இரண்டுக்கும் ஏழாண்டு வரை தண்டனை உண்டு. 468இல் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் தந்தால்தான் உண்டு. தேதியில் ஓர் எண்ணை மாற்றியதற்கு 468 நிற்குமா என்று நன்றாகவே வாதாடலாம், எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அந்த வாதம் முன்ஜாமீன் மனுவில் நடக்கும். அதற்குள் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நவம்பர் ஆணையில் விதியை மீறும் தனி ஆளுக்கு வைத்திருந்த அபராதம் 500 ரூபாய். அசல் சான்றிதழைக் காட்டி, 'இன்னும் நான்கு நாள் இருக்கிறது' என்று கெஞ்சியிருந்தால், உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

ஊரையும் கவனியுங்கள். நீங்கள் வழக்குப் போடப்போவது கோவையில், வீட்டுப் பக்கத்தில். உங்கள்மேல் வழக்கு வந்தால் அது மும்பையில் வரும், சான்றிதழைப் பயன்படுத்திய இடம் அதுதான். எஃப்.ஐ.ஆர். அங்கே, வாய்தா அங்கே, ரத்து செய்யக் கேட்கவேண்டிய உயர் நீதிமன்றமும் அங்கே. 'பிறகு சமாதானமாகப் போய்விடலாம்' என்றால், ஏமாற்றுதலுக்கான 420ஐ நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யலாம். 466, 468, 471 சமரசத்துக்கு உட்பட்ட பிரிவுகளே அல்ல. எதிர்த் தரப்பு மனமிரங்கினாலும் வழக்குத் தானாக முடியாது. மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பும் கிடையாது. உங்கள் நுகர்வோர் புகாருக்கு இரண்டாண்டுதான் வரம்பு, அவர்கள் புகாருக்கு வரம்பே இல்லை. இந்த ஒரு கணக்கு போதும், கணக்காளரான உங்களுக்கு.

என் கட்சிக்காரர் ஒருவரின் கதை இது. கொரோனாவின்போது ஒரு பயணத்துக்கு ஆர்டி–பிசிஆர் அறிக்கை கேட்டார்கள். இவரிடம் இருந்தது ஐந்து நாள் பழையது. தேதியைத் திருத்திக் காட்டினார், கண்டுபிடித்து இறக்கிவிட்டார்கள். கேட்டது டிக்கெட் பணம் 2,200 ரூபாயும் மன உளைச்சலுக்கு ஒரு லட்சமும். புகாரை அவரே எழுதித் தாக்கல் செய்துவிட்டு, பதிலுரை வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். பதிலுரையின் இணைப்பில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன: இவர் காட்டியது ஒன்று, பரிசோதனை நிலையம் அனுப்பிய அசல் ஒன்று. வேறு எந்த வாதமும் அதில் எழுதவில்லை, தேவையும் இல்லை. புகார் தள்ளுபடியானது. மூன்று மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து, விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் 41ஏ நோட்டீஸ் வந்தது. அவர் கைதாகவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனபோது 'நிலுவையில் குற்ற வழக்கு' என்ற இடத்தில் நின்றுவிட்டார். நீதிமன்ற அனுமதி வாங்குவதற்குள் வெளிநாட்டு வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. 2,200 ரூபாய்க்காக என்னிடமும் இன்னொரு வக்கீலிடமும் அவர் செலவழித்ததை இங்கே எழுதினால் என் மேலேயே உங்களுக்குக் கோபம் வரும்.

உங்கள் கதையில் இன்னொரு ஆள் இருக்கிறார். சான்றிதழைத் திருத்தியவர் மைத்துனர் என்று பெயரோடு எழுதியிருக்கிறீர்கள், கடிதத்திலும் நோட்டீஸ் நகலிலும். உங்கள் நேர்மையைக் காட்டுவதற்காகச் சேர்த்திருக்கலாம். எஃப்.ஐ.ஆர். பதிவானால் முதல் எதிரி நீங்கள், இரண்டாம் எதிரி அவர். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் நடப்பதற்கு எந்த ஆணையத்திலும் பரிகாரம் கிடையாது.

இப்போது செய்யவேண்டியது. நோட்டீஸை அனுப்பாதீர்கள். முகநூலில் போட்ட பதிவில் இனி ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள், கருத்துச் சொல்பவர்களுக்குப் பதிலும் எழுதாதீர்கள். திருத்திய கோப்பையோ வாட்ஸ்அப் செய்திகளையோ அழிக்கவும் வேண்டாம். பயத்தில் அழித்துவிட்டு, 'சாட்சியத்தை அழித்தார்' என்று 201ஆம் பிரிவையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. எதையும் தொடாமல் இருங்கள்.

உங்கள் இணைப்புகளின் கடைசியில், நீங்கள் பொருட்படுத்தாத ஒரு மின்னஞ்சல் இருக்கிறது. டிக்கெட் விற்ற நிறுவனம் மார்ச் மாதம் அனுப்பியது. நல்லெண்ண அடிப்படையில் மூன்று டிக்கெட் பணத்தையும் திருப்பித் தருகிறோம், இதற்குமேல் உரிமை கோரமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறார்கள். 'பிச்சைக்காசு' என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் இருக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல தீர்ப்பு எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. அவர்கள் மனம் மாறுவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இரண்டு வரி போதும்: 'உங்கள் மின்னஞ்சலில் சொன்ன தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன். என் வங்கி விவரம் கீழே.' அன்று நடந்ததற்கு விளக்கம் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். அடைப்புக்குறிக்குள் எதுவும் எழுதவேண்டாம்.

மைத்துனருக்கு இந்த நோட்டீஸ் விவரமே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று மாலையே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.