15 வருஷம் ஆகிவிட்டது, பட்டாளத்தை விட்டு வரலாமா?

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் ராணுவத்தில் நாயக். 15 வருஷம் முடிந்துவிட்டது. பக்கத்துத் தொழிற்பேட்டையான ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை கிடைக்கும், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறார். மாமனார் கூடாது என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகி, சத்தியவேடு

பதில்: அவசரம் வேண்டாம் அம்மா. முடிந்தால் நாயக்குக்கு அடுத்த பதவியான ஹவில்தார் ஆகிவிட்டு வரட்டும்.

நான் குடியாத்தத்துக்காரன். படையில் கிளார்க்காக இருந்து சுபேதாராகப் பென்ஷன் வந்தவன். ஜவான்களின் டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். 15 வருஷத்துக்கு முன்னால் தானாகக் கேட்டுப் போகிறவர்கள் அபூர்வம். போனால் பென்ஷன் கிடையாதே! 15 தாண்டிவிட்டால், ஊரில் என்ன வேலை இருக்கிறது என்பதுதான் ஆளை இருக்க வைக்கும், இல்லை கிளப்பிவிடும். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு வெளியே இருந்தது பீடி, தீப்பெட்டி, கைத்தறி, தோல் வேலை. அதனால் எக்ஸ்டென்ஷன் கிடைக்குமா என்றுதான் வந்து நிற்பார்கள். சென்னை, பெங்களூர் பையன்கள், அதிலும் படையில் கைத்தொழில் கற்றவர்கள், தேதி வந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவில் 1973-ல் கட்டாய ராணுவச் சேவை நின்றது, அதன் பிறகு விருப்பப்பட்டு வருகிறவர்கள்தான். 2008 பொருளாதார மந்தத்தின்போது அங்கே ஆள் சேர்ப்பு சுலபமாக நடந்தது. வெளியே வேலை தாராளமாக இருந்த 2022-ல் அவர்களுடைய தரைப்படை சேர்க்க நினைத்த ஆட்களில் சுமார் 15,000 பேர் குறைந்துபோனார்கள்.

ஸ்ரீசிட்டி வந்த பிறகு உங்கள் பக்கமும் மாறிவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் யோசிப்பதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டு சம்பளத்தையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். படையில் அவருக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லை, உடுப்புச் செலவு இல்லை. மாதம் 5,200 ரூபாய் ராணுவச் சேவை ஊதியம் உண்டு, அதுவும் பென்ஷன் கணக்கில் சேரும். கடைசியாக வாங்கும் சம்பளத்தில் பாதிதான் பென்ஷன். ஆகவே ஹவில்தாராக வந்தால் அந்த வித்தியாசம் அவர் ஆயுசுக்கும் வரும், பிறகு உங்களுக்கு வரும் குடும்பப் பென்ஷனிலும் தெரியும். கம்பெனிக்காரர்கள் கொடுப்பது நிரந்தர வேலையா, காண்ட்ராக்டா? காண்ட்ராக்ட் என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடச் சொல்லுங்கள்.

2022-க்குப் பிறகு அக்னிவீரர்களாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இப்படி உட்கார்ந்து கணக்குப் போடும் வாய்ப்பே இல்லை. நான்கு வருஷம், அதில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சத்தோடு வெளியே வர வேண்டும், பென்ஷன் கிடையாது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் வேலூர்ப் பக்கம் உண்டு. எங்கள் தெருவில் ஓட்டு வீடு மாடி வீடானதும், பெண் பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும் மாதாமாதம் தவறாமல் வந்த பென்ஷனால்தான். மொத்தமாக வரும் பணம் ஒரு கல்யாணத்தில் கரைந்துவிடுமே என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பதவி உயர்வுக்கான புரமோஷன் கேடர் தேர்வைப் பாஸ் பண்ணிவிட்டாரா, சீனியாரிட்டியில் எங்கே நிற்கிறார் என்று யூனிட் ஆபீஸில் கேட்கச் சொல்லுங்கள். ஓரிரண்டு வருஷத்தில் ஹவில்தார் ஆவார் என்றால் மாமனார் சொல்வதுதான் சரி. அதற்கு வழியில்லை, கம்பெனியும் நிரந்தர ஆர்டரைக் கையில் கொடுக்கிறது என்றால் தாராளமாக வரட்டும். ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்னால் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.