மகளிடம் பீரியட்ஸ் பற்றி எப்போது பேசலாம், எங்கே தொடங்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பதரை வயது. மார்பு லேசாக வளரத் தொடங்கியிருக்கிறது. பீரியட்ஸ் பற்றி இப்போதே சொன்னால் பயந்துவிடுவாளோ என்று தயக்கமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது, எவ்வளவு சொல்வது?

பதில்: இப்போதே சொல்லுங்கள். மார்பு வளர ஆரம்பித்து இரண்டு, மூன்று வருடத்தில் முதல் மாதவிடாய் வருவது வழக்கம், சிலருக்கு அதற்கு முன்னாலேயே வந்துவிடும். வெள்ளைப்படுதல் தொடங்கியிருந்தால் பெரும்பாலும் இன்னும் சில மாதங்கள்தான். பயம் என்றீர்களே, எதுவும் தெரியாமல் இருக்கும் பிள்ளைதான் அதிகம் பயப்படும். ஜட்டியில் ரத்தத்தைப் பார்த்ததும் ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் துணியை ஒளித்துவைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது.

உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டாம். துணி மடிக்கும்போது, சேர்ந்து நடக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசினால் கூச்சம் குறையும். "பீரியட்ஸ்னா என்னன்னு உன் ஃபிரண்ட்ஸ் யாராவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். பாதி தெரிந்திருக்கும், அதில் பாதி தப்பாக இருக்கும். அப்புறம் இவ்வளவு சொன்னால் போதும்: வயிற்றுக்குள் கர்ப்பப்பை என்று ஒன்று இருக்கிறது, குழந்தை வளர்வதற்காக அதன் உள்ளே ஒரு படலம் உருவாகும், குழந்தை உண்டாகவில்லை என்றால் அந்தப் படலம் ரத்தத்தோடு வெளியே வந்துவிடும், இது காயம் இல்லை. "குழந்தை எப்படி உண்டாகும்?" என்று அடுத்த கேள்வி வந்தால் அவள் கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள், கதை கட்டாதீர்கள்.

பிள்ளைகள் கேட்கத் தயங்கும் சில விஷயங்களை நீங்களாகவே சொல்லிவிட வேண்டும். ரத்தம் சிறுநீர் வரும் வழியாக வருவதில்லை, அதற்குத் தனி வழி இருக்கிறது, சிறுநீரைப் போல அடக்கவும் முடியாது. முதல் தடவை சிவப்பாக இல்லாமல் பழுப்புக் கறையாகவும் இருக்கலாம். பார்க்க நிறையப் போவதுபோலத் தெரிந்தாலும், மொத்த நாட்களையும் சேர்த்துப் பெரும்பாலோருக்கு 30, 40 மில்லிதான், அதாவது இரண்டு மூன்று பெரிய ஸ்பூன்.

வாயால் சொல்வதைவிடக் கையில் கொடுப்பது முக்கியம். ஒரு பேடையும் ஜட்டியையும் கொடுத்து அவளையே ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பசை உள்ள பக்கம் துணிமேல்தான் ஒட்ட வேண்டும், பஞ்சுப் பக்கம் உடம்புப் பக்கம். நமக்கு இது சாதாரணம், முதல்முறை பதற்றத்தில் மாற்றி ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பேடில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, எப்படி உறிஞ்சுகிறது என்று காட்டுங்கள், 'ஒழுகிவிடுமோ' என்ற பயம் கொஞ்சம் குறையும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து குப்பைத்தொட்டியில் போட வேண்டும், டாய்லெட்டுக்குள் போடக் கூடாது. கறையைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் போய்விடும், சுடுதண்ணீர் வேண்டாம்.

பள்ளிப் பைக்குள் ஒரு சின்னப் பையில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, ஒரு கவர் இப்போதே இருக்கட்டும். வகுப்பில் வந்துவிட்டால் எந்த டீச்சரிடம் சொல்வது என்று அவளையே முடிவுசெய்யச் சொல்லுங்கள். வீட்டில் அப்பாவுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் இல்லாத நேரத்திலும் வரலாம் இல்லையா? அவரிடம் சொல்லப்போவதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று வருடம் தேதி முன்பின் ஆகும், 21 முதல் 45 நாள் வரை இடைவெளி இயல்புதான். அடிவயிற்று வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நன்றாகக் கேட்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்துபோனால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், மூன்று மாதம் வராமலே இருந்தால், பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு வலித்தால், 15 வயதாகியும் தொடங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் முதல் நாளைக் காலண்டரில் குறித்துவைக்க அவளையே பழக்குங்கள், கடைசியாக எப்போது வந்தது என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.