கையெழுத்துப் போடாவிட்டால் பாவமா?

களியக்காவிளை பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் சர்ச் கட்டடத்தைப் பல வருஷமாகப் பெருக்கித் துடைக்கும் விதவை அம்மா ஒருவர் சபை நிலத்தில் ஓட்டு வீட்டில் இருக்கிறார். அங்கே கடை கட்டப் போகிறோம், காலி செய் என்கிறது கமிட்டி. பெண்கள் சங்கமும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தயங்கினால் ரோமர் 13-ஐக் காட்டி, அதிகாரத்துக்கு அடங்காதது பாவம் என்கிறார்கள். என்ன செய்யட்டும் அக்கா?"

தங்கச்சி, போடாதீர்கள்.

ரோமர் 13 இருக்கிற அதே வேதாகமத்தில்தான் யாத்திராகமம் முதல் அதிகாரமும் இருக்கிறது. ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுபோடு என்று பார்வோனே சொல்லியும் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் செய்யவில்லை, காரணம் அவர்களுக்கு இருந்த தேவபயம். எண்ணாகமம் 27-ஐயும் எடுத்துப் பாருங்கள். செலோப்பியாத்தின் ஐந்து மகள்களும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் அத்தனை பேருக்கும் முன்னால் நின்று, ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக இறந்துபோன எங்கள் அப்பாவின் நிலப் பங்கு போய்விடுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொன்னார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், உங்கள் மண்ணையே பாருங்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள், மேல்சாதிக்காரர்கள் அதைக் கிழித்தார்கள், அடித்தார்கள், இவர்கள் மறுபடியும் போட்டுக்கொண்டு போனார்கள். மேல்துண்டு போடக் கூடாது என்று 1829-ல் அரசே விளம்பரம் போட்டது. 1859-ல்தான் மாரை மறைக்கலாம் என்று உத்தரவு வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பெண்களை அடங்காதவர்கள் என்று இன்று உங்கள் கமிட்டி சொல்லுமா?

சரி, பயம் இருக்கும். நாளைக்கு மகள் கல்யாணத்துக்குச் சர்ச்சில் ஓலை வாசிக்க, அதாவது கல்யாண அறிவிப்புச் சொல்ல, இழுத்தடிப்பார்களோ என்று தோன்றும், அது வீண் பயமும் இல்லை. அதனால் தனியாகப் போகாதீர்கள், சங்கத்தில் இரண்டு மூன்று பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தை எழுத்தில் கேளுங்கள், கூட்டத்தில் "எனக்குச் சம்மதமில்லை" என்று மினிட்ஸ் நோட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்து அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், அவருக்காக நாம் முடிவெடுக்கக் கூடாது. ரேஷன் கார்டு, கரண்ட் பில் என்று அந்த வீட்டு விலாசம் இருக்கிற எதையும் பத்திரமாக எடுத்து வைக்கட்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. குழித்துறை கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, நோட்டீஸ் வருகிறவரை காத்திருக்காமல் இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.