வாசகர் கேள்வி – பதில்: கப்பலுக்கு அடுக்கும் பெட்டி

கேள்வி: மகள் எங்களைச் சிங்கப்பூரிலிருந்து 5 நாள் உல்லாசக் கப்பலில் கூட்டிப்போகிறா. இவர் இப்பவே பட்டியல் போட்டு அடுக்கத் தொடங்கிவிட்டார். நான் கடைசி நாளில் அடுக்குகிற ஆள். எது சரி?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: கடதாசிக்கு அவர் முறை, உடுப்புக்கு உங்கள் முறை. கடவுச்சீட்டில் 6 மாதமாவது மிச்சம் இருக்கவேணும். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா தேவையா என்று இப்பவே பாருங்கள்.

உடுப்பு 4 சோடி போதும், அறை சின்னது. பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிவிடுவார்கள்; அறை வாசலுக்கு வரப் பின்னேரமாகலாம். பிரஷர் குளிசையை அதற்குள் போட்டுவிட்டு மத்தியானம் தவிப்பவர்கள் நிறைய. குளிசை, கடவுச்சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு கைப்பையில். பவர் பாங்கும் அப்படித்தான், விமானத்தில் அதைப் பெட்டிக்குள் போட விடமாட்டார்கள்.

ஸ்திரிக்கைப்பெட்டி, கேத்தல் வேண்டாம். தீப்பயத்தால் பறித்து வைப்பார்கள். வீட்டில் சமைத்த சாப்பாடும் பெரும்பாலும் ஏறாது. அறைச் சுவர் அநேகமாக இரும்பு, காந்தக் கொழுக்கி நாலு இருந்தால் ஈரச்சேலை தொங்கும். தலைசுற்றுக் குளிசையைக் கப்பல் ஆட முன்னரே போடவேணும்.

கடைசி இரவு பெட்டியை வாசலில் வைக்கச் சொல்வார்கள். விடிய உடுக்கிற உடுப்பையும் செருப்பையும் முதலில் வெளியே எடுத்துவையுங்கள். பட்டியல்காரர்கள்தான் இதில் கூடுதலாக மாட்டுப்படுவது!