கம்பு ரம்பம்: பெட்டி சொல்லும் எடை, தோள் சொல்லும் எடை

கேள்வி: ஐயா, எனக்கு 62 வயது. வீட்டைச் சுற்றி ஏழெட்டு மரங்கள். இனி ஏணி ஏறவே கூடாது என்று பிள்ளைகள் கண்டித்துவிட்டார்கள். நீளக் கம்பின் நுனியில் செயின் ரம்பம் வைத்து, பேட்டரியில் ஓடும் 'போல் சா' வாங்கலாம் என்று போனால், எல்லாப் பெட்டியிலும் 'மிக இலகுவானது' என்றே போட்டிருக்கிறது. ஒன்று 3.2 கிலோ, இன்னொன்று 3.8 கிலோ. எடை குறைந்ததையே எடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். (இந்தக் கருவிக்கு 'சா' என்று தமிழ்க் காதில் விழும்படி பெயர் வாய்த்ததே ஒரு கூத்து. நான் கம்பு ரம்பம் என்றே எழுதுகிறேன்.) அந்த 3.2 கிலோவில் எவ்வளவு நுனியில் தொங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

பெரும்பாலான மாடல்களில் மோட்டார், செயின், எண்ணெய் டப்பா எல்லாம் கம்பின் உச்சியில்தான் இருக்கும். உச்சியில் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்கையிலிருந்து அது 2 மீட்டர் தள்ளி இருக்கிறது. பின்கை 60 சென்டிமீட்டர் பின்னால். கம்பைக் கிடைமட்டமாகப் பிடித்தால், பின்கை 5 கிலோ விசையில் கீழே அழுத்தியாக வேண்டும், முன்கை ஆறரைக் கிலோவைத் தாங்க வேண்டும். கம்பின் சொந்த எடையை இதில் சேர்க்கவே இல்லை. துரட்டியால் காய் பறித்தவர்களுக்குக் கணக்கே வேண்டாம், கழுத்து சொல்லிவிடும்.

மோட்டாரைக் கைப்பிடிப் பக்கம் வைத்து, கம்புக்குள் ஓடும் தண்டு வழியாகச் செயினைச் சுற்றும் மாடல்களும் உண்டு. மொத்த எடை கூடுதல்தான். ஆனாலும் நுனி இலகு என்பதால், 3.8 கிலோ 3.2-ஐ விடச் சுகமாக இருக்கக்கூடும். பெட்டி எடை 'பேட்டரி நீங்கலாக' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் கூச்சப்படாமல் ஒன்று செய்யுங்கள். பேட்டரியை மாட்டச் சொல்லி, கம்பை முழு நீளத்துக்கு இழுத்து, சாய்வாகத் தூக்கி, மனதுக்குள் அறுபது எண்ணுங்கள். முப்பதிலேயே நுனி காற்றில் வட்டம் போட ஆரம்பித்தால் அது உங்களுக்கானது இல்லை. தோள்வார் மாட்டும் கொக்கி இருந்தால் நல்லது. கம்பின் மூட்டுகளையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே கடகடவென்றால் மரத்தடியில் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: '4.5 மீட்டர் எட்டும்' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வீட்டில் அளந்தால் மொத்த நீளமே 2.7 மீட்டர்தான். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: உங்கள் உயரத்தையும் அவர்களே விற்றுவிட்டார்கள்! கையை உயர்த்தி நிற்கும் ஆளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. எங்காவது ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், அடியில் விளக்கம் இருக்கும். 'எட்டும் உயரம்' என்று எழுதியிருந்தால் வழக்காட வலுவில்லை. 'கம்பு நீளம்' என்றே எழுதியிருந்தால் பெட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

உண்மையில் அந்த உயரமும் கிடைக்காது. அறுக்கும் கிளைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. கம்பு தரையோடு 60 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்றுதான் கையேடுகள் சொல்கின்றன. அந்தச் சாய்வில் 2.7 மீட்டர் கம்பு சுமார் 2.3 மீட்டர்தான் மேலே போகும். இடுப்பளவு 1 மீட்டரைச் சேர்த்தால் 3.3. வாங்கப்போகும் முன் உங்கள் மரத்தின் கிளையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எட்டாத மிச்சத்துக்கு ஸ்டூல் போட்டு ஏறலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஏணியைத் தவிர்க்கத்தானே இதை வாங்குகிறோம்?

கேள்வி: 18 வோல்ட், 20 வோல்ட். எது பலம்?

பதில்: இரண்டும் ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழுச் சார்ஜில் சுமார் 4 என்று கணக்கிட்டால் 20. வோல்ட்டை, பேட்டரியில் Ah என்று போட்டிருக்கும் ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி, 4 என்றால் 72. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அந்த எண் சொல்லும். 'ஒரு சார்ஜில் 100 வெட்டு' என்பது பெரும்பாலும் மென்மரச் சட்டத்தில் எடுத்த கணக்கு, உங்கள் வீட்டு வைரம் பாய்ந்த கிளையில் இல்லை. ஏற்கெனவே ஒரு கம்பெனியின் டிரில் வைத்திருந்தால், அதே பேட்டரி பொருந்தும் ரம்பத்தைப் பேட்டரி இல்லாமல் வாங்குவது லாபம். பேட்டரி கைப்பிடியில் இருப்பதால் சற்றுக் கனமானது கெடுதலும் இல்லை. நுனிக்கு எதிர்ப்பாரமாக உதவும்.

கேள்வி: செயினைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். அதிலிருந்து கிளை அறுபடவில்லை, புகைதான் வருகிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: கோபிக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு செயினைக் கிட்டத்தில் பாருங்கள். செயின் சுற்றி ஓடும் நீள இரும்புப் பட்டையின் மேல்விளிம்பில் இருக்கும் பற்களின் கூர்முனை, பட்டையின் நுனியைப் பார்க்க வேண்டும். உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் செயின் தலைகீழாக ஏறியிருக்கிறது. நானும் ஒருமுறை இப்படி மாட்டி, அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கிளையில் ஒரு கறுப்புத் தடமும் மூக்கில் கருகல் வாடையும்தான் மிச்சம். தயாரித்தவரை வாயார வைத பிறகுதான், செயின் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி கண்ணில் பட்டது.

திசை சரியென்றால் எண்ணெயைப் பாருங்கள். சின்ன மாடல்கள் சிலவற்றில் தானாக எண்ணெய் வராது. சில வெட்டுக்கு ஒருமுறை நாமே சொட்டு விட வேண்டும். அடுத்து, விழும் தூளைக் கையில் எடுங்கள். செதில் செதிலாக இருந்தால் பல் கூர்மை. மாவு மாதிரி இருந்தால் மழுங்கிவிட்டது. செயினும் பட்டையும் தேய்மானப் பொருள் என்று உத்தரவாதத்திலிருந்து பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள், அந்த இடத்தில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. புதுச் செயின் வாங்கினால் மூன்று எண்கள் பொருந்த வேண்டும்: கண்ணிகளின் இடைவெளி, பட்டைப் பள்ளத்தில் ஓடும் தகட்டின் தடிமன், அந்தத் தகடுகளின் எண்ணிக்கை. 'எட்டு அங்குலச் செயின்' என்று மட்டும் கேட்டு வாங்கினால் இன்னொரு நடை நடக்க வேண்டியிருக்கும். புதுச் செயின் முதல் சில வெட்டுகளிலேயே தளரும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்கள்.

கேள்வி: மின்கம்பியை ஒட்டிய கிளை ஒன்று. ஃபைபர் கம்பு என்றால் ஷாக் அடிக்காது என்கிறார் விற்பனையாளர்.

பதில்: அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஈரம், அழுக்கு, உச்சியில் உலோகம்; எந்தக் கம்பும் காப்பில்லை. கம்பியிலிருந்து 15 மீட்டர் விலகச் சொல்லும் கையேடுகள் இருக்கின்றன. அந்தக் கிளை மின்வாரியத்தின் வேலை.

கேள்வி: மேலிருந்து அறுத்தேன். பாதியில் கிளை ஒடிந்து, அடிமரத்துப் பட்டையை ஒரு முழம் உரித்துக்கொண்டு விழுந்தது. ரம்பத்தின் குறையா?

பதில்: இல்லை, வரிசை தப்பிவிட்டது. முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கம் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை உரியாமல் விழும். மிஞ்சிய குச்சியை மூன்றாவதாக எடுங்கள். கிளை சேருமிடத்தில் சற்றுப் புடைத்த வளையம் தெரியும். அதைத் தொடாமல் வெளியே அறுக்க வேண்டும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, அந்த வளையம்தான் காயத்தை மூடுகிறது என்று காட்டினார். பெயின்ட் பூசுவதால் பயனில்லை என்பதும் அவர் சொன்னதே. இனி அறுக்கும்போது ரம்பத்தை அழுத்தாதீர்கள், அதன் எடையே அறுக்கும். கண்ணாடியும் தலைக்கவசமும் போடுங்கள். மேலே பார்த்தபடி அறுப்பதால் தூள் முழுவதும் நேராக முகத்தில்தான் கொட்டும்.

கேள்வி: சும்மா மாட்டி வைத்திருக்கும்போதே எண்ணெய் சொட்டுகிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அநேகமாக எல்லா ரம்பமும் சொட்டும். எண்ணெயை வடித்துவிட்டு, அடியில் ஒரு பழைய அட்டையை வையுங்கள். பேட்டரியைக் கழற்றி, பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் தனியே வையுங்கள்.